மேய விட்டால் வேலியோரமே நடக்கும் குதிரை: அறிகுறி பார்த்துச் சரி செய்வது

கொல்லையில் அவிழ்த்து விட்டதும் குதிரை மேயாமல், வேலியை ஒட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்கும். முனை வந்ததும் திரும்பும், முன்பு கால் வைத்த இடத்திலேயே கால் வைக்கும். சில நாளில் அந்த ஓரத்தில் புல் செத்து மண் தெரியும், ஐப்பசி மழைக்கு அதுவே சேறாகிவிடும். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்களும், ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவர்களும், இன்னும் ஜட்காவை விடாதவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: எப்படி நிறுத்துவது?

நிறுத்துவதைப் பிறகு பார்க்கலாம். குதிரைக்கு வேண்டிய ஏதோ ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அல்லது இந்தப் பக்கம் இல்லை. அது என்னவென்று தெரியாமல் வேலியை உயர்த்துவதும் காலுக்குத் தளை போடுவதும் வீண் வேலை. தளை போட்ட குதிரை பதறினால் வேலியிலேயே போய் விழும்.

அதனால் முதல் வேலை, மறைவாக நின்று ஓர் அரைமணி பார்ப்பது. உங்களைக் கண்டாலே அது தீனிக்காரரைக் கண்ட மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் பம்புசெட்டு ரூம் பின்னாலோ புளியமரத்துக்குப் பின்னாலோ நில்லுங்கள். நான்கு பக்க வேலியில் எந்தப் பக்கம்? காது எந்தத் திசையில் இருக்கிறது? எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? நடுவில் நின்று ஒரு வாய் புல்லாவது கடிக்கிறதா? குதிரை லாயத்தில் இருக்கும்போது போய்த் தடத்தையும் பாருங்கள். திரும்புகிற இடத்தில் குளம்பு மண்ணைக் கிளறியிருக்கும். அந்தக் கிளறல் கேட் அருகிலா, பக்கத்துக் கொல்லையில் மாடு கட்டும் இடத்துக்கு நேராகவா, சாலை பக்கமா என்பது பாதி பதிலைச் சொல்லிவிடும்.

நேற்று வரை இல்லை, இன்று திடீரென்று நடக்கிறது

இதை மட்டும் முதலிலேயே பாருங்கள், இதில் தாமதித்தால் குதிரை போய்விடும். வயிற்று வலி வந்த குதிரையும் நிலைகொள்ளாமல் நடக்கும். ஆனால் அது நடுவில் நின்று முன்னங்காலால் மண்ணைத் தோண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுக்கும், எழும், புரளும். வெயில் இல்லாத நேரத்திலும் வியர்க்கும். லத்தி போட்டு நேரமாகியிருக்கும்.

நிழலுக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் நிறுத்திவிட்டு நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில், கன்னத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து நகர்த்தினால் பென்சில் பருமனில் ஒரு குழாய் வழுக்கும், அதுதான் நாடி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓய்வுக்குப் பிறகும் 60-ஐத் தாண்டினால் பேச்சே வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலும் அப்படியே. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். வருகிற டாக்டரிடம் இது குதிரை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தும் அளவும் இதற்குப் பொருந்தாது.

டாக்டர் வருவதற்குள் யாராவது பெரியவர் மூங்கில் கொட்டத்தில் இஞ்சிக் கஷாயமோ எண்ணெயோ எடுத்துக்கொண்டு வருவார். மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலியோடு இன்னொன்றும் சேரும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. அண்மையில் நாய் கடித்த குதிரை திடீரென்று குணம் மாறி, எச்சில் வழிய, தன் உடம்பையே கடித்துக்கொண்டு திரிந்தால் வெறிநோயாக இருக்கலாம். வாயில் கை விடாமல் தள்ளி நின்று டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றது, குதிரை வேலி, மரம், சுவர் எதையும் பார்க்காமல் முட்டிக்கொண்டு, தலை தொங்கிய நிலையில் போய்க்கொண்டே இருப்பது. இது கல்லீரல் கெட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கிலுகிலுப்பை வகைச் செடிகளுக்கு இந்த வேலை உண்டு. பசுந்தாள் உரத்துக்கு நாம் விதைக்கும் சணப்பும் அந்தக் குடும்பம்தான். கொல்லையிலோ வரப்பிலோ அது காய்த்து நின்றால் குதிரையை அந்தப் பக்கம் விடக்கூடாது.

வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

இது பிரச்சினையே இல்லை. நாள் முழுக்க லாயத்தில் கட்டிக் கிடந்த கால் அப்படித்தான் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை குனிந்து மேய ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள்.

துணைக் குதிரை போனால் ஆரம்பிக்கிறது

நம் ஊரில் அதிகம் காண்பது இதுதான். ரெண்டு குதிரை இருக்கும். ஒன்றை மாப்பிள்ளை அழைப்புக்குக் காட்பாடிக்கு ஓட்டிப் போவார்கள். மற்றது ரோட்டுப் பக்க வேலியில் நடந்துகொண்டே கனைக்கும், போனது வரும் வரை ஓயாது. ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்த புதுக் குதிரைக்கும் இதே நிலைதான். கூட நின்ற கூட்டம் ஒரே ராத்திரியில் இல்லாமல் போயிருக்கும். தாயிடமிருந்து பிரித்த குட்டியும் இப்படி நடக்கும்.

தனியாக நிற்கும் குதிரைக்கு அந்தத் தனிமையே ஆபத்தாகத் தெரியும், அதனால் அதட்டிப் பயனில்லை. துணை கொடுங்கள். இன்னொரு குதிரைதான் நல்லது. முடியாவிட்டால் கழுதை. அதுவும் இல்லையென்றால் நன்றாகப் பழகிய வெள்ளாடு ஒன்று. நம் பக்கம் ஆடு கிடைக்காத வீடு எது? எல்லாக் குதிரைக்கும் ஆடு போதாது, ஆனால் செலவு குறைவு என்பதால் முதலில் முயன்று பார்க்கலாம். புதுத் துணையை நேரே உள்ளே விட்டால் உதை விழும். முதலில் சில நாள் நடுவில் சவுக்குக் கம்பு தடுப்பு வைத்து, இரண்டும் மூக்கோடு மூக்கு பார்க்கட்டும். இடையில் முள்கம்பி இருக்கக்கூடாது.

துணையைப் பிரிந்துதான் ஆக வேண்டும் என்றால் பழக்க வேண்டும். நிற்கிற குதிரைக்கு நல்ல புல் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது தின்னத் தொடங்கிய பிறகு மற்றதைக் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை கொண்டுபோங்கள். நிற்பது தலை தூக்கி நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே திருப்பிக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் தூரம், பிறகு கண் மறைவு, பிறகு கால் மணி. இதில் அவசரம் கூடாது. 'கத்தட்டும், தானாப் பழகிடும்' என்று நாள் முழுக்க விட்டால், அது பழகிக்கொள்வது நடப்பதைத்தான்.

புதிதாக வந்ததை முதல் நாளே பெரிய கொல்லையில் விடாதீர்கள். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்க வேலியையும் ஒரு சுற்றுக் காட்டி, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று காட்டி, மற்ற பிராணிகள் கண்ணுக்குத் தெரியும் சிறிய இடத்தில் விடுங்கள்.

கேட் பக்கம் மட்டும், அதுவும் பொழுது சாயும்போது

தடம் கேட்டருகே மட்டும் ஆழமாக இருந்தால் குதிரைக்கு மணி தெரிந்திருக்கிறது என்று பொருள். ஐந்து மணிக்குக் கொள்ளு வைக்கிற வீட்டில் நாலரைக்கே நடை ஆரம்பித்துவிடும். தீனிக்காரரின் டி.வி.எஸ். சத்தம் சாலை முனையில் கேட்டதுமே வேகம் கூடும்.

இங்கே தவறு குதிரையிடம் இல்லை. நடந்து நடந்து கத்தியதும் 'பாவம்' என்று கேட்டைத் திறந்தால், நடந்தால் கேட் திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். நடை தொடங்கும் நேரத்துக்கு முன்பே போய், மேய்ந்துகொண்டிருக்கும்போது கூட்டி வாருங்கள். சில நாள் உள்ளே கொண்டுவந்து, கொள்ளு வைக்காமல், தேய்த்துவிட்டு மறுபடி வெளியே விடுங்கள். கொள்ளை லாயத்தில் மட்டுமே வைக்காமல் சில நாள் கொல்லையின் நடுவில், கேட்டுக்குத் தொலைவில் வையுங்கள். நேரத்தை முன்னும் பின்னும் மாற்றுங்கள். கேட்டுக்கும் தீனிக்கும் இருக்கும் முடிச்சு அவிழ்ந்தால் போதும்.

கொல்லையில் புல்லே இல்லை

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லையா? இதைத்தான் சந்தேகப்படுங்கள். பங்குனி, சித்திரையில் நம் மானாவாரிக் கொல்லையில் என்ன இருக்கும்? செம்மண், சரளை, நாலு சீமைக்கருவேலம். அதில் குதிரையை விட்டுவிட்டு 'மேய விட்டிருக்கேன்' என்கிறோம்.

அணைக்கட்டு பக்கம் ஒருவர், "இன்னாண்ணா, காலையில ரெண்டு கிலோ கொள்ளு துன்னுட்டுதான் போது, அப்பவும் நடந்துக்கினே கீது, கொழுப்புதானே?" என்றார். நான், "கொழுப்பு இல்லப்பா, வாய்க்கு வேலை இல்ல" என்றேன். சத்து வேறு, மெல்லுவது வேறு. புல் இருக்கும் இடத்தில் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் போல மேயும். அதன் வயிறு சிறியது, அமிலம் மட்டும் இடைவிடாமல் சுரக்கும். அமிலத்தைத் தணிப்பது மெல்லும்போது ஊறும் எச்சில்தான். கொள்ளை அரைமணியில் முடித்துவிட்டு நாலைந்து மணி நேரம் வெறும் வாயோடு நின்றால் வயிறு எரியும், புண்ணும் வரும். அப்படி எரியும் குதிரை நடக்கும், மரக்கட்டையைக் கடிக்கும், பல்லை நறநறக்கும். வார் இறுக்கும்போது காதை மடித்துக் கடிக்க வரும், கொள்ளைக்கூடப் பாதியில் விடும். இவை சேர்ந்து தெரிந்தால் டாக்டரிடம் வயிற்றுப் புண் என்று சொல்லியே கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அது புண்ணைப் பெரிதாக்கும்.

எவ்வளவு போட வேண்டும்? நம் ஊர்க் குதிரை 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 5 முதல் 7 கிலோ நார்த்தீனி வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே கம்பு நேப்பியர் தீவனப்புல் மட்டும் போடுகிறீர்கள் என்றால் 30 கிலோவுக்குக் குறையாது. பால்மாட்டுக்காக எல்லோரும் அதில் கோ-4, கோ-5 ரகங்களை நட்டிருப்பதால் அதுதான் எளிதாகக் கிடைக்கும். ஆனால் நேப்பியரில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். மாடு தாங்கும், குதிரை தாங்காது. மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பு பலவீனமாகி முகம் வீங்கும். வரப்பு அருகம்புல் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இல்லையேல் நேப்பியரோடு குதிரைமசாலோ மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடியோ கலந்துவிடுங்கள், இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு.

மல்லாட்டைக் கொடியில் ஒரு சங்கடம். ஆடிப் பட்டத்து மல்லாட்டையைப் பிடுங்கும் நேரமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும். நனைந்து காய்ந்த கொடியைக் கையில் எடுத்து உதறுங்கள். சாம்பல் நிறத்தில் பொடி பறந்தால், மூக்கில் பூசண வாடை அடித்தால், அது எருக்குழிக்கு. நல்ல கொடியையும் வேர் மண் போக உதறிவிட்டே போடுங்கள். வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், ஆனால் அதையே நம்பினால் மெலியும், குடலும் அடைபடலாம். கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

ஒரே குவியலாகப் போடாமல் கொல்லையில் பல இடங்களில், வேலியைவிட்டு உள்ளே தள்ளிப் போடுங்கள். தின்பது ஓரிடத்தில் முடிந்ததும் அது அடுத்த குவியலைத் தேடி நடக்கும். அந்த நடை நமக்கு வேண்டிய நடை. பாலாற்றங்கரை மணல் நிலமாக இருந்தால் கீழே பழைய கோணியோ ரப்பர் விரிப்போ போட்டு அதன்மேல் வையுங்கள். புல்லோடு மணல் போய்க் குடலில் தங்கும். சந்தேகம் இருந்தால் தரையில் படாத புது லத்தி ரெண்டு உருண்டையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கால் மணி கழித்து அடியில் மணல் படிந்திருந்தால் டாக்டரிடம் காட்ட அதுவே போதும். மணல் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கொள்ளு ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஊறவைத்து வேகவைத்தது. கோழித்தீவனத்தையும் மாட்டுத்தீவன மூட்டையையும் குதிரைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சிலவற்றில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு நஞ்சு.

உச்சி வேளையில், அல்லது ஈ மொய்க்கும் நேரத்தில் மட்டும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் பகலில் விடவே விடாதீர்கள். சாயங்காலம் விட்டு விடிந்ததும் கூட்டி வாருங்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு தீரும். நிழல் கட்டாயம். தண்ணீர் சாதாரண நாளிலேயே 25, 30 லிட்டர் குடிக்கும், வெயிலில் அது இரட்டிப்பாகலாம். தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், சூடான தண்ணீரை அது ஒதுக்கும். கல்லுப்புக் கட்டி ஒன்று நிழலில் இருக்கட்டும்.

ஈ கடித்தால் நடையோடு வால் அடிக்கும், காலை உதறும், தோல் துடிக்கும். லத்தியைத் தினமும் அள்ளுங்கள். மூட்டம் போடுவதானால் புகை குதிரை மேல் நேரே அடிக்காதபடி தள்ளிப் போடுங்கள், குதிரை நுரையீரல் புகை தாங்காது. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸை மட்டும் தொடாதீர்கள், குதிரைக்குக் குடல் நின்றுபோகும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறது

பெட்டைக் குதிரை என்றால் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பருவச் சுழற்சி 21 நாள் அளவு, அதில் ஐந்து முதல் ஏழு நாள் சூடு. நம் ஊரில் பகல் நீளம் அதிகம் மாறாததால் பல பெட்டைகள் ஆண்டின் பெரும்பகுதி பருவத்துக்கு வரும். அந்த நாள்களில் மட்டும் நடக்கிறது என்றால் கூடுதல் புல்லும் கூடுதல் சவாரியும் போதும். நடப்பது காயடிக்காத ஆண் என்றால், பெட்டை இருக்கும் திசையிலிருந்து காற்று வரும்போதெல்லாம் நடக்கும். இனப்பெருக்கத்துக்கு இல்லையென்றால் காயடிப்பதே நல்லது என்பது என் கருத்து. ஊர்வலக் கூட்டத்துக்கு நடுவே போகிற குதிரைக்கு அது இன்னும் பொருந்தும்.

ஊரில் திருவிழா நாள்களில் மட்டும்

பொங்கல் தொடங்கி ஊர் ஊராகக் காளை விடும் விழா, சிவராத்திரி முடிந்ததும் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மேளம், வெடி, மைக். தேதி முன்பே தெரியும்தானே? அன்று துணையோடு லாயத்தில் வைத்து நிறையப் புல் போடுங்கள்.

எல்லாம் சரி செய்தாயிற்று, ஆனாலும் நடக்கிறது

வருடக்கணக்கில் நடந்த குதிரைக்குக் காரணம் போன பிறகும் நடை நிற்காமல் போகலாம். காது தளர்ந்து, எதையும் பார்க்காமல், இயந்திரம் போல நடக்கும். இது ஊறிய பழக்கம். குறையும், ஆனால் முழுக்கப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தடத்தின் குறுக்கே கட்டையோ கல்லோ போடச் சொல்வார்கள், வேண்டாம். தடம் ஒரு கஜம் தள்ளிப் போகும், இல்லையென்றால் கால் இடறும். துணை, புல், வெளியே இருக்கும் நேரம், சவாரி இவற்றைக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவை ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து குறியுங்கள். மெலிகிறதா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் டேப்பில் தெரியும்.

அதுவரைக்கும் வேலி

நம் பக்க வேலி கல் தூணும் முள்கம்பியும். நடக்கிற குதிரைக்கு இதைவிட மோசமான வேலி கிடையாது. மாற்ற வசதி இல்லையென்றால், உள்பக்கம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, குதிரையின் நெஞ்சு உயரத்தில் சவுக்குக் கம்புகளை நீளவாக்கில் கட்டுங்கள். அல்லது சோலார் கருவியோடு வெள்ளைப் பட்டை மின்வேலி போடுங்கள். கருவி கால்நடைக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுப்பது ஆள் சாகிற வேலை, குற்றமும்கூட. முள்கம்பிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. திரும்பும் மூலைகளில் குறுக்குக் கம்பு வைத்து மூலையை மழுங்கடித்தால் திருப்பம் இலகுவாகும்.

வேலியில் இருக்கும் அரளியையும் ஆமணக்கையும் வெட்டிவிடுங்கள். சும்மா நடக்கும் வாய் எதையாவது கடிக்கும். அரளி இலை சில போதும், குதிரை பிழைக்காது. கம்பி கிழித்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டி ரணஜன்னி ஊசியைப் பற்றிக் கேளுங்கள். அந்த நோய் குதிரையை எளிதில் பிடிக்கும்.

லாடம் அடிப்பவரிடம் நடக்கும் குதிரை என்று சொல்லிவிடுங்கள். ஒரே பக்கம் திரும்பித் திரும்பிக் குளம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று அவரே காட்டுவார். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். மழைக்காலத்தில் சேற்றுத் தடத்தில் நடந்துவிட்டு வந்தால் அன்றன்றைக்கே குளம்படியைச் சுரண்டிக் கழுவி, காய்ந்த தரையில் நிறுத்துங்கள்.